நசுங்குற வண்டி நல்ல வண்டியா? 1959ஆம் ஆண்டு சொல்லும் பதில்

போன மாதம் ஒரு நூலகத்தில் கார் வடிவமைப்பின் வரலாறு பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பொதுமக்களுக்கான கூட்டம். நாற்பது பேர் வந்திருப்பார்கள். 1886இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியில் ஆரம்பித்து, ஃபோர்டின் மாடல் டி, 1934இல் காற்றுக்கு ஏற்றபடி வளைத்துச் செய்து விற்காமல் போன கிரைஸ்லர் ஏர்ஃபுளோ, 1955இல் பாரிஸ் கண்காட்சியையே புரட்டிப்போட்ட சிட்ரோயன் டி.எஸ். என்று படம் படமாகக் காட்டிக்கொண்டே போனேன். நன்றாகத்தான் போனது.

கேள்வி நேரத்தில் பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருஷம் இருந்தவராம். "தம்பி, படமெல்லாம் அழகா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். அந்தக் காலத்து அம்பாசடர் போயி முட்டுனா, முட்டுன செவுருதான் இடியும். இப்ப வர்ற வண்டி, ஆட்டோ உரசுனாலே அப்பளமா நொறுங்குது. தகரம். இதைப் போயி நீங்க வளர்ச்சிங்கிறீங்களே?"

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, எடை குறைந்தால் பெட்ரோல் மிச்சம் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்தார். சமாதானம் ஆகவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தால், நான் சொன்னது பதிலே இல்லை. அதைவிட மோசம், ஒரு மணி நேரம் வடிவத்தைப் பற்றிப் பேசியவன், அந்த வடிவத்துக்குள் உட்காரும் மனிதனுக்கு என்ன ஆகும் என்று ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இரும்போடு முப்பது வருஷம் பழகியவர் அதைக் கேட்டிருக்கிறார். அவருக்குத் தர வேண்டிய பதில்தான் இந்தப் பதிவு.

பதிலைத் தேடி எங்கெங்கோ போக வேண்டியதில்லை. 1959 என்ற ஒரே ஆண்டு போதும். அந்த வருஷம் வந்த சில கார்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால், கார் யாருக்காக வடிவமைக்கப்படுகிறது என்ற வழக்கின் எல்லாத் தரப்பும் அங்கேயே நிற்கின்றன.

கண்ணுக்காக ஒரு கார்

முதலில் அமெரிக்காவின் 1959 காடிலாக். நீளம் 225 அங்குலம், அதாவது பதினெட்டே முக்கால் அடி. எடை இரண்டு டன்னுக்கு மேல். பின்னால் இரண்டு பக்கமும் மீனின் துடுப்பு மாதிரி வானத்தைப் பார்த்து நிற்கும் இரண்டு தகட்டு வால்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ராக்கெட் நெருப்பு போல இரண்டு சிவப்பு விளக்குகள். கார் வரலாற்றில் வால்துடுப்பு தொட்ட உச்சம் இதுதான்.

இந்த வால் எங்கிருந்து முளைத்தது? ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1927இல் "ஆர்ட் அண்ட் கலர்" என்று தனியாக ஒரு பிரிவைத் தொடங்கி, அதன் தலைமையில் ஹார்லி ஏர்ல் என்பவரை உட்கார வைத்தது. ஹாலிவுட் பணக்காரர்களுக்குத் தனித்தனியாகக் கார் உடல் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். அதுவரை காரின் தோற்றம் பொறியாளர்கள் வேலையெல்லாம் முடித்த பிறகு கடைசியில் யோசிக்கிற விஷயம். ஏர்ல் களிமண்ணில் முழு அளவு மாதிரி செய்து, தடவிப் பார்த்து, செதுக்கி, பிறகு தகடாக்கும் வழக்கத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தார். இன்று கணினி வந்த பிறகும் கார் நிறுவனங்களில் களிமண் போய்விடவில்லை.

1941இல் டெட்ராய்ட் அருகே ஒரு விமானத் தளத்தில் லாக்ஹீட் பி-38 என்ற போர் விமானத்தை ஏர்லும் அவருடைய ஆட்களும் பார்த்தார்கள். இரட்டை வால் கொண்ட விமானம். அந்த வால்தான் போருக்குப் பிறகு 1948 காடிலாக்கில் சின்ன மேடு போல எட்டிப் பார்த்தது. வாங்க வந்தவர்களுக்குப் பிடித்துப்போனது. விற்பனைக்குப் புது முகம் வேண்டும், அதுவும் வருஷா வருஷம் வேண்டும் என்பது ஜெனரல் மோட்டார்ஸின் கொள்கை. போன வருஷத்து வண்டி பழசாகத் தெரிந்தால்தானே இந்த வருஷத்து வண்டி போகும்? அதனால் வால் வளர்ந்துகொண்டே போனது. 1957இல் வர்ஜில் எக்ஸ்னர் வடிவமைத்த கிரைஸ்லர் கார்கள் தாழ்வாக, இன்னும் பெரிய வாலோடு வந்து இறங்கின. ஜெனரல் மோட்டார்ஸ்காரர்கள் கையிலிருந்த திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வரைய உட்கார்ந்தார்கள். அந்தப் போட்டியில் பிறந்ததுதான் 1959 காடிலாக்.

இந்த வாலால் காருக்கு என்ன பயன்? சாதாரண வேகத்தில் ஒன்றுமில்லை. அது பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதற்காக. இதை ஏளனமாகச் சொல்லவில்லை. அழகுக்காகப் பொருள் செய்வதில் என்ன தப்பு, கோலம் கூடத்தான் காலால் மிதிபடப் போகிறது. ஆனால் அந்த வண்டியின் உள்ளே பார்த்தால் விஷயம் வேறு. ஸ்டியரிங் தண்டு முன்பக்கத்திலிருந்து ஓட்டுபவரின் நெஞ்சை நோக்கி நிற்கும் ஒரு முழு இரும்புக் கம்பி. தகட்டின் வளைவுக்குச் செலவான யோசனையில் கால்வாசி அந்தக் கம்பிக்குக் கிடைக்கவில்லை.

இடத்துக்காக ஒரு கார்

அதே ஆகஸ்டில் இங்கிலாந்தில் வந்தது மினி. நீளம் பத்தடி, அவ்வளவுதான். காடிலாக்கில் பாதியைவிடச் சற்றே கூடுதல்.

1956 சூயஸ் நெருக்கடியில் பிரிட்டனில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. குறைவாகக் குடிக்கும் சின்ன வண்டி, ஆனால் நாலு பேர் உட்கார வேண்டும் என்று அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளரிடம் கேட்டார்கள். அவர் காகிதத்தில் முதலில் மனிதர்களை உட்கார வைத்தார். இன்ஜினுக்கு மிச்ச இடம்தான். அந்த மிச்சத்தில் இன்ஜின் நீளவாக்கில் நுழையாது. எனவே அதைக் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்பாக்ஸை இன்ஜினுக்கு அடியில், ஆயில் தேங்கும் தொட்டிக்குள்ளேயே இறக்கினார். இரண்டுக்கும் ஒரே ஆயில். முன்சக்கரமே வண்டியை இழுத்ததால் பின்னால் நீளும் தண்டும் அதற்கான மேடும் தேவையில்லாமல் போயின. சக்கரமும் பத்தே அங்குலம், நான்கு மூலைக்கும் தள்ளி வைத்தது. தரைப்பரப்பில் சுமார் எண்பது சதவீதம் ஆட்களுக்கும் சாமானுக்கும் கிடைத்தது.

வெளியே தகடும் தகடும் சேரும் விளிம்புகூட மறைக்கப்படாமல் தையல் மாதிரி துருத்திக்கொண்டிருக்கும். பற்றவைக்க அது வசதி, செலவும் குறைவு. பளபளப்பு எதுவும் கிடையாது. ஆனால் மாருதி 800இன் பானெட்டைத் திறந்து பார்த்தவர்களுக்கு இன்ஜின் குறுக்காக இருந்தது ஞாபகம் இருக்கும். இன்று தெருவில் ஓடும் சின்னப் பெட்ரோல் கார்கள் கிட்டத்தட்ட எல்லாமே அந்தப் பரம்பரைதான். ஒரே திருத்தம், கியர்பாக்ஸ் அடியில் இல்லாமல் இன்ஜினுக்குப் பக்கத்தில் போய்விட்டது. அது ஃபியட்டின் டான்டே ஜியாகோசா 1964இல் ஆட்டோபியாங்கி ப்ரிமுலா என்ற காரில் செய்து காட்டிய வழி.

போகிற போக்கில் நம்ம ஊர்க் கார் ஒன்று. அதே 1959 ஏப்ரலில் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் வந்தது. வரைந்தவர் இத்தாலியின் ஜியோவானி மிகெலாட்டி. அறுபதுகளில் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்ட் என்ற பெயரில் தயாரானது இதுதான். முன் மட்கார்டோடு சேர்ந்து மொத்த பானெட்டும் முதலை வாய் மாதிரி முன்னால் திறக்கும். பெரியவர்கள் சிலர் இன்றும் அதைச் சொல்லி உருகுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: மோதினால் தனக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும் ஸ்டியரிங் தண்டு அதில் இருந்தது. காடிலாக்கில் ஈட்டி, இந்தக் குட்டி வண்டியில் மடக்குக் குடை!

உடம்புக்காக ஒரு கார்

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறேன்.

1959 ஆகஸ்டில் ஜெர்மனியில் மெர்சிடிஸ் ஒரு புது வரிசையை வெளியிட்டது. உள் பெயர் டபிள்யூ 111. வேடிக்கை என்னவென்றால் அதற்கும் சின்னதாக வால்துடுப்பு உண்டு. அமெரிக்கச் சந்தையில் விற்க வேண்டுமே. ஆனால் வெறும் அலங்காரம் என்று ஒத்துக்கொள்ள ஜெர்மன்காரர்களுக்கு மனசு வரவில்லை. பின்னால் எடுக்கும்போது வண்டி எங்கே முடிகிறது என்று பார்க்க உதவும் அடையாளம் என்று பெயர் வைத்தார்கள். ஜெர்மானிய மக்கள் அதைச் சட்டை செய்யாமல் "வால்துடுப்பு" என்றே கூப்பிட்டார்கள்.

உண்மையான புதுமை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. பேலா பாரென்யி என்ற ஆஸ்திரிய-ஹங்கேரியப் பொறியாளர் 1951இல் விண்ணப்பித்து 1952இல் ஒரு காப்புரிமை வாங்கியிருந்தார். அதன் சாரம் இது: காரை மூன்றாகப் பிரி. நடுவில் ஆட்கள் உட்காரும் பெட்டி, அது கெட்டியாக இருக்கட்டும். முன்பக்கமும் பின்பக்கமும் வேண்டுமென்றே நசுங்கட்டும். கார் எவ்வளவு விறைப்போ அவ்வளவு பாதுகாப்பு என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்த காலத்தில் சொன்ன யோசனை இது. டபிள்யூ 111 அந்த யோசனை முழுசாக நடைமுறைக்கு வந்த முதல் கார். அடுத்த மாதமே, 1959 செப்டம்பரில், மெர்சிடிஸ் தன் கார்களைத் திட்டமிட்டு மோதவைத்துப் பார்க்கும் சோதனையையும் தொடங்கியது.

ஏன் நசுங்க வேண்டும்? கட்டட வேலை நடக்கும் இடத்தில் கீழிருந்து ஒருவர் செங்கல்லைத் தூக்கிப் போட, மேலே நிற்பவர் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் கையை விறைப்பாக நீட்டிப் பிடிப்பதில்லை. கல் வரும் திசையிலேயே கையைக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோய்ப் பிடிப்பார். விறைப்பாகப் பிடித்தால் உள்ளங்கை கிழியும். கல்லின் வேகம் அதேதான், எடையும் அதேதான். நிற்பதற்குக் கிடைக்கும் தூரம்தான் வேறு.

கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கி.மீ. என்பது வினாடிக்குச் சுமார் 14 மீட்டர். அந்த வேகத்தில் சுவரில் மோதுவது, ஏறக்குறைய பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, தரையில் விழுவதற்குச் சமம். வண்டி விறைப்பாக இருந்து பத்தே சென்டிமீட்டரில் நின்றுபோனால், உடம்பின் மீது அதன் எடையைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு விசை வரும். முன்பக்கம் அறுபது சென்டிமீட்டர் நசுங்கி, அந்தத் தூரத்தில் சீராக நின்றால், அது பதினாறு பதினேழு மடங்காகக் குறையும். அதே சுவர், அதே வேகம். நூறு மடங்கில் உள்ளுறுப்புகள் கிழிந்துபோகலாம். பதினாறில் நெஞ்சு வலியோடு இறங்கி வர வாய்ப்பிருக்கிறது.

பெரியவர் சொன்ன அம்பாசடர் கதைக்கு விடை இங்கே இருக்கிறது. சுவர் இடிந்தது, வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் சந்தோஷம்தான். சுவர் இடிந்து விழுந்த அந்தத் தூரம் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. சுவர் இடியாமல், வண்டியும் நசுங்காமல் இருந்தால்? ரெண்டும் பிடிவாதமாக நின்றால் மிச்சமிருப்பது உள்ளே இருக்கிற ஆள்தான். எங்கோ ஒன்று விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

வண்டியோடு சேர்த்துக் கட்டுதல்

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. முன்பக்கம் நசுங்கி வண்டி மெதுவாக நிற்கும். வண்டிதான் நிற்கும். நீங்கள்? உங்களை யாரும் வண்டியோடு சேர்த்துக் கட்டவில்லை என்றால், உங்கள் உடம்பு அதே 50 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே இருந்து டேஷ்போர்டில் மோதும். அறுபது சென்டிமீட்டர் நசுங்கியதெல்லாம் வீண்.

இந்த ஓட்டையை அடைத்ததும் அதே 1959தான். ஸ்வீடனின் வோல்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் சேர்ந்திருந்தார். அதற்கு முன் சாப் நிறுவனத்தில் போர் விமானத்திலிருந்து விமானியை இருக்கையோடு வெளியே தூக்கியெறியும் கருவியில் வேலை பார்த்தவர். ஒரு மனித உடம்பு எவ்வளவு தாங்கும், எங்கே பிடித்தால் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். அதுவரை இருந்த பெல்ட் இடுப்பை மட்டும் கட்டும், அல்லது தோளில் குறுக்காக மட்டும் போகும். முதலாவதில் மேலுடம்பு மடங்கித் தலை ஸ்டியரிங்கில் அடிபடும். இரண்டாவதில் உடம்பு அடியில் வழுக்கிப் போகும். போலின் இரண்டையும் ஒரே பட்டையாக்கி, மூன்று இடத்தில் பிணைத்து, முடிச்சை இடுப்போரம் தாழ்வாக வைத்தார். பட்டை வயிற்றில் படாமல் நெஞ்சுக்கூட்டிலும் இடுப்பெலும்பிலும் படும். இரண்டுமே பலமான எலும்பு. ஒரே கையால் மாட்டலாம் என்பதும் முக்கியம். கஷ்டமாக இருந்தால் யார் மாட்டப்போகிறார்கள்?

வோல்வோ அந்த ஆண்டிலேயே தன் கார்களில் இதைப் பொருத்தியது. காப்புரிமையை வைத்துக்கொண்டு காசு கேட்காமல் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த விட்டுவிட்டது. அப்படியும் அது பரவ வருஷங்கள் ஆயின. பெல்ட் அணிவதைக் கட்டாயமாக்கி முதலில் சட்டம் போட்டது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1970இல். வால்துடுப்பு பரவ சட்டம் எதுவும் தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

ஐம்பது ஆண்டு கழித்து ஒரு மோதல்

இதையெல்லாம் காகிதக் கணக்கு என்று பெரியவர் தள்ளிவிடலாம். அவருக்குக் காட்ட ஒரு படம் இருக்கிறது. அன்றைக்கே காட்டியிருக்க வேண்டும்.

2009இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் தன் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி ஒரு சோதனை செய்தது. 1959இல் செய்த செவர்லே பெல் ஏர் ஒன்று, 2009இல் செய்த செவர்லே மாலிபு ஒன்று. ஒரே நிறுவனம், ஐம்பது வருஷ இடைவெளி. இரண்டையும் மணிக்கு 40 மைல் வேகத்தில், ஓட்டுநர் பக்கம் ஒன்றோடொன்று இடிக்கும்படி நேருக்கு நேர் மோதவிட்டார்கள்.

பெல் ஏர் நீளமான, பெரிய வண்டி. வௌவால் இறக்கை போல் படுத்த வால்துடுப்பு. பார்க்கிற யாரும் அதன் பக்கம்தான் பந்தயம் கட்டுவார்கள். மோதியதும் அதன் முன்பக்கம் மட்டும் நசுங்கி நிற்கவில்லை. ஆள் உட்காரும் கூடே உள்வாங்கியது. கதவு மடிந்தது, டேஷ்போர்டும் ஸ்டியரிங்கும் பொம்மை ஓட்டுநர் மேல் வந்து ஏறின. நிஜ மனிதராக இருந்தால் அங்கேயே உயிர் போயிருக்கும் என்றார்கள். மாலிபுவின் மூக்கு அடையாளமே தெரியாமல் போனது. ஆனால் ஆள் இருந்த கூடு அப்படியே இருந்தது. அதன் ஓட்டுநருக்குக் காலில் சிறு காயத்தோடு போயிருக்கும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெல் ஏரின் அடிச்சட்டம் எக்ஸ் எழுத்து வடிவில் நடுவில் ஒடுங்கியது. ஓரம் பிடித்து வரும் மோதலைத் தாங்க அதில் அதிகம் ஒன்றும் இல்லை. வேறு சட்டம் கொண்ட பழைய கார் இன்னும் கொஞ்சம் நன்றாகத் தாங்கியிருக்கலாம். ஆனாலும் பெல்ட் இல்லாத இருக்கையும் நெஞ்சை நோக்கிய கம்பியும் அங்கேயும் அதேதான்.

வெளியே நிற்பவருக்கு?

இத்தோடு முடித்தால் கதை சுபம். ஆனால் இதுவரை பேசியதெல்லாம் உள்ளே இருப்பவரைப் பற்றித்தான்.

ரால்ஃப் நேடர் 1965இல் அமெரிக்கக் கார் நிறுவனங்களின் அலட்சியத்தைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற நூலில் ஒரு சம்பவம் வருகிறது. ஒன்பது வயதுச் சிறுமி சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்து, நிறுத்தி வைத்திருந்த ஒரு காடிலாக்கின் பின்னால் இடித்துவிட்டாள். கார் ஓடவேயில்லை. அதன் வால்துடுப்பு குத்தி அவள் இறந்துபோனாள். பக்கத்து வீட்டுக்காரர் பார்ப்பதற்காக என்று மேலே எழுதினேனே, அந்த வால்தான். அதை வரைந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வரைபலகையில் அந்தக் குழந்தை இல்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு, 1966இல், அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நடந்து போகிறவருக்கு வரைபலகையில் இடம் கிடைக்க இன்னும் முப்பது வருஷம் ஆனது. 1997இல் தொடங்கிய ஐரோப்பாவின் என்கேப் சோதனைகள், மோதினால் பாதசாரிக்கு என்ன ஆகும் என்பதையும் அளந்தன. இன்றைய கார்களின் மூக்கு ஏன் மழுங்கி உயர்ந்திருக்கிறது, எல்லாம் ஏன் ஒரே ஜாடை என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டார். அதற்கு ஒரு காரணம் இது. பானெட்டுக்கும் அடியில் இருக்கும் இன்ஜினுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். தலை வந்து மோதினால் தகடு குழிய இடம் வேண்டுமல்லவா? மறுபடி அதே செங்கல் கணக்குத்தான், இந்த முறை வெளியே இருப்பவருக்காக. ஆனால் உயரமான, நேர்ச்சுவர் போன்ற மூக்கு கொண்ட பெரிய எஸ்யூவிகளைப் பார்க்கும்போது, அந்த இடத்தை அவர் மறுபடி இழந்துகொண்டிருக்கிறாரோ என்று தோன்றுகிறது. எஸ்யூவியின் மூக்கும் கண்ணுக்காகத்தான் அப்படி நிற்கிறது.

ஐயா, உங்கள் கேள்விக்கு என் பதில் இது. நீங்கள் சொன்னது சரி, இப்போது வரும் வண்டி நசுங்குகிறது. சின்ன உரசலுக்கே டிங்கர் வேலைக்குப் பணம் கொட்ட வேண்டியிருப்பதும் உண்மை, அந்தக் கோபமும் நியாயம். ஆனால் நசுங்குவது எல்லாமும் தகரம் இல்லை, நசுங்காதது எல்லாமும் இரும்பு இல்லை.

நெடுஞ்சாலைக் காவல் நிலையங்களின் வாசலில் விபத்தில் சிக்கிய வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள். அடுத்த முறை கடந்து போகும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். முன்பக்கத்தைப் பார்க்க வேண்டாம், அது நசுங்கித்தான் இருக்கும். ஓட்டுநர் கதவைப் பாருங்கள். அதன் சட்டம் நேராக இருக்கிறதா, கதவு ஒழுங்காகத் திறக்கும்போல் இருக்கிறதா, மேற்கூரைத் தூண் மடங்காமல் நிற்கிறதா? இரும்பைப் பார்த்துப் பழகிய கண் உங்களுடையது. அந்தக் கூட்டுக்குள் இருந்தவர் வீட்டுக்குப் போயிருப்பாரா இல்லையா என்று என்னைவிட நீங்களே சரியாகச் சொல்லிவிடுவீர்கள்.